வால் வரும்வரை நகரக்கூடாது

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப்போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். நான் பல்செட் செய்பவன். காலையிலிருந்து மெழுகையும் பிளாஸ்டரையும் சுரண்டிக்கொண்டு, அரை மில்லிமீட்டர் பிசகினால் டாக்டரிடம் வசவு வாங்கிக்கொண்டு பிழைப்பவன். "பொய்ப்பல் செய்யிறவன் பேச்சை எப்படிடா நம்புறது?" என்று என் அக்கா கேலி செய்வாள். பல்தான் பொய். அளவு பொய் இல்லை. இதில் வரும் நேரமெல்லாம் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டவை. ஒரு நிமிடம்கூட நான் கூட்டவில்லை.

எங்கள் பைக் கூட்டத்தில் நாலு பேர். முன்னால் போவது அத்தான், அக்காவின் கணவர். பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். தார் ரோடு இருந்தால் அது ரோடே இல்லை என்பார். சேறும் பாறையுமாக இருக்கிற மலைப்பாதையாகப் பார்த்து ஓட்டுவதில் அவருக்கு ஒரு கிறுக்கு. அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் வெல்டர். கடைசியில் ஒரு கணக்கு வாத்தியார். கடைசியாக வருபவரை நாங்கள் 'வால்' என்போம்.

மலைக்குள் போன் எடுக்காது. அதனால் ஒரு ஏற்பாடு உண்டு. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், அத்தானுக்கு அடுத்து வருபவன் நின்றுவிட வேண்டும். வண்டியைப் போகவேண்டிய பக்கம் திருப்பி நிறுத்தி, பின்னால் வருபவர்களுக்குக் கையை நீட்டிக் காட்ட வேண்டும். அப்படி நிற்பவனுக்குப் பெயர் 'கல்'. எல்லோரும் கடந்து, கடைசியில் வால் வந்து, "போலாம்" என்று கையசைத்த பிறகுதான் கல் நகரலாம்.

"மழை கொட்டினாலும் இடி விழுந்தாலும் கல்லு நகரக் கூடாது மாப்ள. நீ நகந்தா பின்னால வர்றவன் செத்தான்." முதல் நாளே அத்தான் சொல்லிக்கொடுத்த பாடம் இது. எனக்கு அந்த விதி ரொம்பப் பிடித்திருந்தது. எவ்வளவு தூரம் பின்தங்கினாலும் நம்மை யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு தைரியம். நான் கூட்டத்தில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அத்தானை அப்பா ஸ்தானத்தில் வைத்திருந்தேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அன்று டிசம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையிலிருந்தே தூறல். மதியத்துக்கு மேல் தூறல் மழையானது, மழைக்குள் மேகம் இறங்கியது. முன்னால் போகிற அத்தானின் சிவப்பு விளக்கு மட்டும் மிதந்துகொண்டு போனது.

மணி மூன்று ஐம்பத்தைந்து. உடைந்த சிமென்ட் கம்பம் ஒன்று நிற்கிற இடத்தில் பாதை பிரிந்தது. அத்தான் வலது பக்கம் கையைக் காட்டிவிட்டு இறங்கிப்போனார். நான் நின்றேன். கல்.

நாலு இரண்டுக்கு வெல்டர் வந்தார். நான் கையை நீட்டினேன். தலையாட்டிவிட்டு வலது பக்கம் போய்விட்டார். இனி வாத்தியார் மட்டும்தான். அவர் வகுப்பு நடத்துவது போலத்தான் வண்டியும் ஓட்டுவார், நிதானம். பத்து நிமிடம் ஆகும் என்று நினைத்தேன்.

நாலு இருபது. வரவில்லை.

நாலு நாற்பத்தைந்து. வரவில்லை. கையுறையைக் கழற்றிப் பிழிந்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் வந்திருக்கும். விரல்கள் என்னுடையவை மாதிரியே இல்லை. பற்கள் தந்தியடித்தன. ஒரே ஆறுதல், வண்டியின் இன்ஜின் சூடு. அதன்மேல் மழை விழுந்து புஸ்… புஸ்… என்று ஆவி கிளம்பியது. அதில் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஆவியும் நின்றுவிட்டது.

போய்விடலாமா என்று தோன்றியது. நான் போய், பின்னால் வாத்தியார் வந்து, இடது பக்கம் திரும்பிவிட்டால்? இடது பக்கம் என்ன இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரு மனிதனின் உயிர் என் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் உயிரை யார் கையில் கொடுத்திருந்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஐந்து பத்துக்கு ஒரு விளக்கு தெரிந்தது.

வந்த வழியில்தான். மேகத்துக்குள் மங்கலாக, மெதுவாக ஏறி வந்தது. உயிர் போய் உயிர் வந்தது எனக்கு. கையை நீட்டினேன். அந்த வண்டி என் பக்கத்தில் வந்து நின்றது. வாத்தியார் இல்லை. மஞ்சள் மழைக்கோட்டு, பழைய மாடல் வண்டி. வேறு ஏதோ கூட்டத்தின் ஆள் போலிருக்கிறது.

"பின்னால இன்னொருத்தர் வந்தாரா?" என்று கேட்டேன்.

அவர் தலையை இட வலமாக ஆட்டினார். பிறகு இடது கையை உயர்த்தி, "போலாம்" என்று அசைத்தார். வால் அசைப்பது போலவே. அசைத்துவிட்டு வலது பக்கம் இறங்கிப்போனார்.

வால் சொன்னால் கல் நகரலாம். நான் வண்டியைக் கிளப்பினேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. என் ஹெல்மெட் கண்ணாடி மூச்சுக்காற்றால் மங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டியிருந்தது. அவருடையது துடைத்து வைத்தது போல் இருந்தது. ஏதோ விலை உயர்ந்த சரக்கு போலிருக்கிறது என்று பொறாமைப்பட்டேன்.

ஐந்து இருபத்தெட்டு. அடுத்த பிரிவு.

மஞ்சள் மழைக்கோட்டுக்காரர் அங்கே கல்லாக நின்றிருந்தார். வண்டியைத் திருப்பி நிறுத்தி, கையை நீட்டி. வலது பக்கம்.

ஆனால் சேற்றில் டயர் தடங்கள் இடது பக்கம் போயின. இரண்டு வண்டித் தடங்கள். அத்தானின் பின்டயர் போன வாரம்தான் நான் கூட இருந்து மாற்றியது. அந்த டயரின் வரி எனக்கு நன்றாகத் தெரியும். என் ஆட்கள் இடது பக்கம்தான் போயிருக்கிறார்கள்.

நின்றேன். தடத்தைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன்.

"அவங்க இந்தப் பக்கம்ல போயிருக்காங்க…"

நீட்டிய கை இறங்கவில்லை. வலது பக்கம்.

இப்போதுதான் கவனித்தேன். அவர் வண்டி இன்ஜின் மேல் மழை விழுந்து வழிந்துகொண்டிருந்தது. ஆவி இல்லை. இப்போதுதானே ஏறி இறங்கி ஓடி வந்த வண்டி… துளிகூட ஆவி இல்லை.

ஆனாலும் எங்களுக்குள் ஒரு பழக்கம் ஊறிப்போய்விட்டது. கல் காட்டுகிற பக்கம் போ. தடத்தை நம்பாதே, கல்லை நம்பு. இதையும் அத்தான்தான் சொல்லிக்கொடுத்தார்.

வலது பக்கம் திருப்பினேன்.

பாதை ஒரு ஆள் அகலம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே போனேன். விளக்கு இல்லை. யாரும் என்னைத் தாண்டவில்லை. தாண்ட இடமே இல்லை.

ஐந்து ஐம்பத்தொன்று. அடுத்த பிரிவு.

மஞ்சள் மழைக்கோட்டு.

அவரேதான். கை நீட்டியபடி.

எனக்கு முன்னால்.

நான் நிற்கவில்லை. பார்க்கவுமில்லை. அவர் கை காட்டிய பக்கம் திருப்பினேன். வாய்விட்டு அழுதேன். "அத்தான்… அத்தான்…" என்று கத்தினேன். முப்பத்துநாலு வயதில், மீசை வைத்துக்கொண்டு.

மழைச் சத்தம் மட்டும்.

ஆறு இருபத்துமூன்று. கீழே தூரத்தில் ஒரு லாரி விளக்கு நகர்ந்தது. தார் ரோடு! அதற்கு முன்னால் கடைசியாக ஒரு பிரிவு.

அங்கே வந்ததும் என் வண்டி நின்றுவிட்டது.

டப்… என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அவர் என்னிடமிருந்து நாலடி தூரத்தில் நின்றிருந்தார். இந்தத் தடவை கை நீட்டவில்லை. ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கியிருந்தார்.

கிக்கரை மிதித்தேன். கிளம்பவில்லை. மிதித்தேன். மிதித்தேன்.

"வீட்லேர்ந்து போன் வந்துச்சா?"

சாதாரணக் குரல். களைத்த குரல். ஒரு வேலை முடிந்ததா என்று கேட்கிற மாதிரி.

யார் பேசினாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பேன், தொழில் புத்தி. இடது பக்கம் ஒரு தெத்துப்பல். என் வாயிலிருந்து குளிருக்குப் புகைபுகையாக வந்துகொண்டிருந்தது. அவர் வாயிலிருந்து… ஒன்றுமில்லை.

"இல்லைங்க," என்றேன். "வரல."

அவர் என்னையே பார்த்தார்.

பிறகு தலையைச் சாய்த்தார். யாரோ காதில் பேசுவதைக் கேட்பது போல.

மிதித்தேன்…

மிதித்தேன்…

கடிகாரத்தில் ஆறு இருபத்தைந்து.

அவர் கை மெல்ல உயர்ந்தது.

கீழே. தார் ரோடு பக்கம்.

வண்டி கிளம்பியது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. தார் ரோட்டில் டயர் பட்ட பிறகும் இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டினேன். ஒரு பெட்ரோல் பங்க்கின் வெளிச்சத்துக்கு வந்துதான் இறங்கினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு ஐம்பதுக்கு போனுக்கு உயிர் வந்தது. உடனே அக்கா.

"எங்கடா இருக்க? எத்தனை தடவ அடிக்கிறது?"

"இப்பதான்க்கா மலையிலேர்ந்து இறங்குறேன்."

"மலையிலேர்ந்தா? நீ ஏதோ வேலைன்னு மலை ஏறாமலே பாதியில திரும்பிட்டதா சொன்னாரு. 'இன்னைக்கு அவன் எங்க கூட வரல'ன்னாரே."

"யாரு?"

"உங்க அத்தான்தான். வந்து குளிச்சுட்டுப் படுத்திருக்காரு."

பேயைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி இருக்கவில்லை. ஈரத் துணியோடு அந்த பங்க்கில் உட்கார்ந்துகொண்டு, நெஞ்சுக்குள் எதையோ கழற்றி எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. குளித்துவிட்டுப் படுத்திருக்கிறார்.

மறுநாள் காலை ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அத்தான் ஒரு வண்டியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

"நான் அங்க நிக்கிறேன்னு உங்களுக்குத் தெரியும்."

"வந்துட்டல்ல? அப்புறம் என்ன மாப்ள."

அவ்வளவுதான் சொன்னார். நட்டைத் திருகினார். அந்தக் கையைத்தான் நான் இத்தனை நாளும் நம்பி இருந்தேன்.

வெல்டர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். அவர் பட்டறையில், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். அடுத்த பிரிவில் கல்லாக நிற்கவேண்டிய அவரையும் அத்தான் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். அன்று நாலு ஐம்பதுக்கு இரண்டு பேரும் ஓடையைத் தாண்டி, போன் எடுக்கிற ஒரு டீக்கடையில் இருந்தார்களாம். வாத்தியார் போன் பண்ணியிருக்கிறார். வழியிலேயே பஞ்சர், தார் ரோட்டுக்கு இறங்கிவிட்டேன், வரவில்லை என்று.

"அப்ப மாப்ள கல்லா நிக்கிறானேன்னு நான் சொன்னேன். ஓடையில அதுக்குள்ள கழுத்தளவு தண்ணி. தார் ரோடு வழியா சுத்திப் போயிருக்கலாம், ஒரு மணி நேரம் ஆகும். எவன் இந்த மழையில போறது, அவனே இறங்கிடுவான்னு சொல்லிட்டாரு. நானும் வாய மூடிக்கிட்டு வந்துட்டேன்."

இடது பக்கத் தடம் ஓடைக்குத்தான் போயிருக்கிறது. அதைப் பின்தொடர்ந்திருந்தால் நான் இன்று இல்லை.

மஞ்சள் மழைக்கோட்டைப் பற்றிச் சொன்னேன். வெல்டர் முகம் வெளுத்துவிட்டது. தெத்துப்பல்லைச் சொன்னபோது எழுந்து போய் பட்டறைக் கதவைச் சாத்தினார்.

"மீட்டர்காரர்," என்றார்.

கரண்ட் மீட்டர் கணக்கெடுக்கிறவர். நான் சேர்வதற்கு முந்தின வருடம், இதே டிசம்பரில், எங்கள் கூட்டத்தோடு இரண்டாவது தடவையாக வந்தவர். அதே உடைந்த கம்பம். அவரைத்தான் கல்லாக நிறுத்தினார்கள். அன்றைக்கு வால் இந்த வெல்டர். குளிர் தாங்காமல் குறுக்குவழியில் இறங்கிவிட்டார். கம்பத்துப் பக்கம் போகவே இல்லை. மீட்டர்காரர் இல்லை என்பது அவர்களுக்கு உறைத்தபோது எல்லோரும் வீட்டுக்கு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

"செவ்வாய்க்கெழமதான் எடுத்தாங்க. கம்பத்தடியில. வண்டி வலப் பக்கம் திருப்பியே இருந்துச்சு. ரெண்டடி நகரல மனுஷன். அவர் நகந்தா நான் வழி தவறிடுவேன்னு நின்னுருக்காரு." வெல்டர் அழுதார். "திங்கள் விடியிறவரைக்கும் உயிர் இருந்துருக்கு. ஞாயித்துக்கெழம ராத்திரியே அவர் சம்சாரம் உங்க அத்தானுக்கு போன் பண்ணுச்சு. வந்தாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆள் போய்த் தூக்கிட்டு வந்துருப்பாங்க. யாரோ எடுத்து வரலன்னு சொல்லிட்டாங்க. தனியாப் போனவர்னு ஆயிடுச்சு."

அந்த 'யாரோ' வேறு யாரோ இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டு ஹால். இரவு எட்டு மணி. நான் சோபாவில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் போன் அடித்தது. அவர் எடுக்காமல் என்னிடம் நீட்டினார். "கஸ்டமர் ஒருத்தன் எங்கயோ ஊர் சுத்தப் போயிருக்கான், அவன் பொண்டாட்டி தேடுறா. என்கூட வரலன்னு சொல்லிடு மாப்ள." கண்ணடித்தார். ஆம்பளைகளுக்குள் ஒரு உதவி என்று நினைத்துக்கொண்டு நான் குரலைக் கனமாக்கிப் பேசினேன். "இன்னைக்கு எங்க கூட யாரும் வரலைங்க." ஒரு பெண் குரல், "சரிங்க," என்று வைத்துவிட்டது. யார், எவர் என்று நான் கேட்கவில்லை. மூன்று நாள் கழித்து ஒரு மீட்டர்காரர் மலையில் இறந்த செய்தியைப் பேப்பரில் படித்தபோது, அத்தான், "தனியாப் போகலாமா," என்று உச்சுக்கொட்டினார். நானும் கூட உச்சுக்கொட்டினேன்.

அவர் என்னை மலையில் விட்டுவிட்டு வந்ததைக்கூட மன்னித்துவிடலாம். என் வாயை வாங்கி ஒரு மனிதனைக் கொன்றாரே, அதை எப்படி மன்னிப்பது? அக்கா வீட்டுப் படி நான் இன்னும் ஏறவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை மீட்டர்காரரின் மனைவியைத் தேடிப் போனேன். ஒரு சின்ன ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறார். பகல் பதினொன்றே கால். இயந்திரத்தில் சிக்கிய காகிதத்தை இழுத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை காப்பி?"

"காப்பி இல்லைங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

அவர் கை நின்றது. நிமிர்ந்து என் வாயையே பார்த்தார்.

"இன்னைக்கு எங்க கூட யாரும் வரலைங்க," என்றார் மெதுவாக. "இதைச் சொல்லுங்க ஒரு தடவ."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் இயந்திரத்தை அணைத்தார். திட்டுவார், அறைவார் என்று நின்றேன். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிப் பிரிவில் மீட்டர்காரர் கேட்ட கேள்வியை நான் சொன்னபோது, "மணி என்ன அப்போ?" என்று கேட்டார்.

"ஆறு இருபத்தஞ்சு."

கவுண்டருக்கு அடியிலிருந்து போனை எடுத்து என் முன்னால் வைத்தார். போன ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு இருபத்தைந்து. வந்த அழைப்பு. ஐம்பத்திரண்டு நொடி. 'வீட்டுக்காரர்' என்று இருந்தது.

"அந்த நம்பர நான் துண்டிச்சு ஒன்றரை வருஷமாச்சு," என்றார். "நீ அன்னைக்கு போன் பண்ணியான்னு கேட்டாரு. பண்ணேன்னு சொன்னேன். இவன் வரலங்கிறானேன்னாரு."

நான் போனில் இருந்த அந்த ஐம்பத்திரண்டு நொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மழைச் சத்தம் கேட்டுச்சு. பக்கத்துல யாரோ கிக்கரை மிதிச்சுக்கிட்டே இருந்தாங்க. இவனை என்ன செய்யட்டும்னு கேட்டாரு. பாவம், யாரோ பயந்து கெடக்கான், போகட்டும் விட்டுடுங்கன்னு சொன்னேன்."

ஒருவர் கைநிறையக் காகிதத்தோடு கடைக்குள் வந்தார். அந்த அம்மா அதை வாங்கிக்கொண்டு இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார். என் பக்கம் திரும்பவில்லை.

"அது நீங்கன்னு அப்போ எனக்குத் தெரியாது," என்றார்.